கென்ஷின் உலகத்தில் ஓர் அறிவியல் ஆசிரியர்

கடந்த சில மாதங்களாக என் படிவம் 2 மாணவர்களின் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர் ‘கென்ஷின் இம்பேக்ட்’. ஷங்காய் நகரின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ஆம் தேதி வெளியிட்ட இணைய விளையாட்டு இது. நவம்பரில் பள்ளிகள் மூடப்பட்டு, கூகல் மீட் வழியாக வகுப்பு நடந்தபோது, “சார், லைன் இல்லை” என்று காணாமல் போன சிலர், அன்றிரவே இந்த விளையாட்டில் பெரிய பூதத்தை வீழ்த்தியதாகப் புலனக் குழுவில் படம் போட்டார்கள். வகுப்புக்கு வராத லைன் விளையாட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது? திட்டுவதற்கு முன் நானே பார்த்துவிடலாம் என்று ஆண்டிறுதி விடுமுறையில் அதைப் பதிவிறக்கம் செய்தேன்.

ஒரு பாத்திரத்தின் வேடத்தை ஏற்று, கற்பனை உலகில் சுற்றி, சண்டையிட்டு வளர்வதுதான் இந்த வகை விளையாட்டு. பலர் ஒரே உலகில் கூடி ஆடும் தொடக்ககால விளையாட்டுகளுள் ஒன்று 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டல் என்ற இரு மாணவர்கள் எழுதிய அந்த விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். நான் மேல்படிவத்தில் இருந்த காலத்தில் மலாக்கா நகரத்துச் சைபர் கஃபேக்களில் கொரியாவின் ‘ரக்னரோக்’ கொடிகட்டிப் பறந்தது. இப்போது அதே கூத்து கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கென்ஷினில் பெரும்பாலும் தனியாகத்தான் திரிகிறோம். 16-ஆம் நிலையை எட்டிய பிறகு நால்வர் வரை ஒரே உலகில் சேர்ந்து ஆடலாம்.

முதல் நாளே என்னைக் கவர்ந்தது சண்டை அல்ல, அதன் ‘வேதியியல்’. இந்த உலகில் நெருப்பு, நீர், பனி, மின்சாரம், காற்று என்று மூலகங்கள் உள்ளன. ஒன்றின் மேல் இன்னொன்று பட்டால் ஒரு வினை நடக்கும். நனைந்த எதிரியின் மேல் நெருப்பு அம்பு விட்டால் ‘ஆவியாதல்’, பனியை வீசினால் ‘உறைதல்’, மின்னலை வீசினால் நீர் வழியே மின்சாரம் பாய்ந்து பக்கத்தில் நனைந்து நிற்பவனையும் தாக்கும். மழை பெய்தால் எல்லாரும் நனைந்து விடுவார்கள், நாமும்தான். மரக்கேடயம் நெருப்பில் எரிந்துபோகும். யாரும் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். இதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் எது உண்மை, எது கதை?

நீர் வழியே மின்சாரம் பாய்வது பாதி உண்மை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆற்று நீரிலும் மழையில் நனைந்த உடலிலும் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகளே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. உலகில் இடி மின்னல் அதிகமுள்ள நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மாலை நேரத்தில் வானம் கறுத்தால் திடலிலும் ஆற்றிலும் நிற்காதீர்கள் என்று பெரியவர்கள் விரட்டுவது இதனால்தான்.

உறைதல் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ‘கையா’ என்ற பாத்திரம் ஆரம்பத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அவன் ஏரிக்கரையில் நின்று பனியை வீசினால், கண் இமைக்கும் நேரத்தில் நீரின் மேல் பனிப்பாளம் உருவாகும். அதன் மேல் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். இதற்கு எவ்வளவு ஆற்றலை வெளியேற்ற வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பனிப்பாளத்தின் நிறை ஏறக்குறைய 46 கிலோ. நம் ஊர் ஏரி நீர் 28 டிகிரி செல்சியஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முதலில் 0 டிகிரிக்குக் குளிர்விக்க, ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல் என்ற கணக்கில் சுமார் 5,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. 0 டிகிரி நீர், 0 டிகிரி பனியாக மாறவும் வெப்பத்தை இழக்க வேண்டும். வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்திருக்கும் இந்த வெப்பத்தைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். படிவம் 4 இயற்பியலில் விரிவாகப் படிப்பீர்கள். பனி உருவாக இது ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல். 46 கிலோவுக்கு 15,000 கிலோஜூலுக்கும் மேல்! இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 21,000 கிலோஜூல். 2 கிலோவாட் மின்கெண்டி ஒன்று இடைவிடாமல் மூன்று மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றல் இது. இவ்வளவையும் கையா ஒரே நொடியில் உறிஞ்சி விடுகிறான், அதுவும் ஒரு சதுர மீட்டருக்கு மட்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஐஸ் கட்டி உறைய ஏன் சில மணி நேரம் ஆகிறது என்பது இப்போது புரியும்.

பனியும் மின்சாரமும் சேர்ந்தால் விளையாட்டில் ‘மீக்கடத்தல்’ என்ற வினை நடக்கிறது. பெயர் வைத்தவர் இயற்பியல் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். 1911-இல் நெதர்லாந்து விஞ்ஞானி காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைச் சுமார் மைனஸ் 269 டிகிரி வரை குளிர்வித்தபோது, அதன் மின்தடை திடீரென்று மறைந்துபோனது. அதுதான் மீக்கடத்தல். விளையாட்டில் இந்த வினை எதிரியின் ‘தடுப்புத் திறனை’க் குறைக்கிறது. ஆங்கிலத்தில் மின்தடைக்கும் தடுப்புத் திறனுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த சிலேடை இது! நெருப்பும் மின்சாரமும் சந்தித்தால் வெடிக்கும் என்பதை மட்டும் என்னால் எந்தப் பாடநூலோடும் பொருத்த முடியவில்லை. அது வெறும் வாணவேடிக்கை.

இனி லைன் விஷயம். திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் ‘பிங்’. நம் கைப்பேசி ஒரு செய்தியை நிறுவனத்தின் சேவையகக் கணினிக்கு அனுப்பி, பதில் திரும்பி வர ஆகும் நேரம். மில்லி நொடியில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் காட்டப்படுகிறது. அலோர் காஜாவில் என் வீட்டில் அது 80-ஐ ஒட்டியே இருந்தது. இந்த ஓர் எண்ணை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஒளியிழைக் கம்பிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 40, வர 40 மில்லி நொடி என்றால், அந்தக் கணினி 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. வழியிலுள்ள கருவிகளும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். ஆகவே அது இன்னும் அருகில்தான் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே, பார்க்காத ஒரு கணினியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டோம்.

கடல் கடக்கும் இத்தகைய கம்பிகளில் சில நம் மலாக்காக் கடற்கரையில்தான் கரையேறுகின்றன என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. 2005-இல் முடிக்கப்பட்ட ‘சீ-மீ-வீ 4’ என்ற கடலடிக் கம்பி சுமார் 18,800 கிலோமீட்டர் நீளமானது. சிங்கப்பூரில் தொடங்கி, மலாக்கா, சென்னை, கொழும்பு, மும்பை எனப் பல ஊர்களைத் தொட்டுப் பிரான்ஸ் வரை போகிறது.

கம்பி மலாக்காவில் கரையேறியும் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் லைன் இல்லையே, ஏன்? தோட்டத்தில் வசிக்கும் ஒரு மாணவனிடம் பிங்கைக் குறித்து வைக்கச் சொன்னேன். வீட்டுக்குள் 400-ஐத் தாண்டியது. கோயில் மேட்டில் 90. சேவையகம் அதே தூரத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் கூடுதலான 300 மில்லி நொடி கடலில் தொலையவில்லை, வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டரில்தான் தொலைகிறது. கைப்பேசி அலைகளை நீர் உறிஞ்சும். செம்பனை மட்டைகள் நிறைய நீரைக் கொண்டவை. மழை விட்ட பிறகு இலைகளின் மேலும் நீர் நிற்கும். குன்றுகள் வேறு மறைக்கின்றன. சிதைந்து போன செய்தியைக் கைப்பேசி மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரே கோபுரத்தைப் பலர் பங்கு போட்டால் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டப் பிள்ளைகள் குடையும் புத்தகமுமாக மேட்டைத் தேடிப் போனது சோம்பேறித்தனத்தால் அல்ல.

வகுப்புக்கு வராத லைன் விளையாட்டுக்கு வருவது எப்படி என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. கடிதம் மூலம் சதுரங்கம் ஆடுபவர்களை நினைத்துப் பாருங்கள். பலகையும் காயும் இருவர் வீட்டிலும் இருக்கின்றன. தபாலில் போவது எந்தக் காய் எங்கே நகர்ந்தது என்ற ஒரு வரிதான். கென்ஷினும் அப்படியே. மலையும் ஏரியும் பதிவிறக்கத்தின்போதே கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அதனால்தான் அது பல கிகாபைட். ஆடும்போது போய்வருவது யார் எங்கே நிற்கிறார், எதைச் செய்தார் என்ற சில எண்கள் மட்டுமே. காணொலி வகுப்பில் ஆசிரியரின் முகமும் குரலும் ஒவ்வொரு நொடியும் புதிதாக வந்து சேர வேண்டும். மெலிந்த லைனில் எண்கள் நுழைந்துவிடும், என் முகம் நுழையாது. அந்த மாணவர்கள் சொன்னது உண்மைதான். இப்போது அவர்களுக்குப் பாடத்தைக் குரல் பதிவாகவும் படமாகவும் அனுப்புகிறேன்.

விளையாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. புதிய பாத்திரங்களைப் பெரும்பாலும் ‘விஷ்’ என்ற குலுக்கல் மூலம்தான் பெற வேண்டும். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு ஒரு குலுக்கலுக்கு 0.6 விழுக்காடு, இது நிறுவனமே வெளியிட்டுள்ள எண். ஏறக்குறைய 167-இல் ஒன்று. பத்துக் குலுக்கல் போட்டால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 6 விழுக்காட்டைக்கூட எட்டாது. “89 தடவை போட்டுவிட்டேன் சார், அடுத்தது கட்டாயம்” என்றான் ஒருவன். சாதாரணக் குலுக்கலில் இந்த வாதம் செல்லாது. நாணயத்துக்கு நினைவில்லை, பத்து முறை தலை விழுந்தாலும் அடுத்த முறை பூ விழும் வாய்ப்பு பாதிதான். ஆனால் இங்கே அவன் சொன்னது சரி! 90-ஆவது குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் உறுதி என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்த நாணயம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சுவாரசியம். எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி வாய்ப்பு 1.6 விழுக்காடு என்றும் நிறுவனம் சொல்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.6 விழுக்காடும் 90-ஆவதில் உறுதியும் மட்டும் என்றால் சராசரி சுமார் 1.43-தான் வருகிறது. அப்படியானால் 90-க்கு முன்பே எங்கோ வாய்ப்பு உயர்ந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான குலுக்கல்களை எண்ணிப் பார்த்த விளையாட்டாளர்கள் அது 75-ஐ ஒட்டி உயர்வதாகக் கண்டிருக்கிறார்கள். எண்களை ஒப்பிட்டாலே ஒளிந்திருக்கும் விதி எட்டிப்பார்க்கும்.

இனி காசுக் கணக்கு. சிறப்புக் குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் விழுந்தாலும், அது நாம் கேட்ட பாத்திரமாக இருக்கும் வாய்ப்பு 2020-இல் பாதியாகத்தான் இருந்தது. தவறினால் அடுத்த முறை உறுதி. ஆகவே மிக மோசமான நிலையில் 180 குலுக்கல். ஒரு குலுக்கலுக்கு 160 கற்கள், மொத்தம் 28,800. விளையாடியே கொஞ்சம் கொஞ்சமாக இலவசக் கற்கள் சேர்க்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். வாங்குவதென்றால், ஏறக்குறைய 100 அமெரிக்க டாலர் பொட்டலத்தில் போனஸ் சேர்த்து 8,080 கற்கள். மூன்றரைப் பொட்டலத்துக்கு மேல் வேண்டும். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்தாலும் 1,400 வெள்ளியைத் தாண்டுகிறது. 2020-இல் நகராண்மைப் பகுதிகளுக்கு வெளியே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 வெள்ளியாக இருந்தது. அப்போது ஒரு தோட்டத் தொழிலாளி ஒரு மாதம் முழுதும் உழைத்தாலும் அந்த ஒரு பாத்திரத்துக்குப் போதவில்லை.

அப்படியும் ஏன் கை ‘விஷ்’ பொத்தானுக்குப் போகிறது? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதற்கு விடை இருக்கிறது. பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், எப்போதாவது தீனி கிடைத்த புறாவோ விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய குலுக்கல் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

காசு செலவில்லாமல் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு காலி மைலோ டின்னில் 167 பச்சைப் பட்டாணியைப் போடுங்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். புள்ளி வைத்தது வரும்வரை எத்தனை தடவை என்று எண்ணுங்கள். படிவம் 2 கணிதப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் நிகழ்தகவுப் பாடத்துக்கு இது நல்ல செயல்முறை. நானும் என் மனைவியும் செய்தபோது எனக்கு 41-ஆவது முறை வந்தது. அவர் 230 வரை எடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டார். எடுத்த பட்டாணியை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க மறக்காதீர்கள். போடாவிட்டால் டின்னில் உள்ளவை குறைந்துகொண்டே வரும், 167-ஆவது முறைக்குள் கட்டாயம் கிடைத்துவிடும். அது வேறு கணக்கு.