வெண்மை மட்டும் போதாது: காளானை வாங்குவதும் வைப்பதும்

பறித்த பின்னும் மூச்சு விடும் உணவு

வைக்கோலிலோ மக்கிய உரத்திலோ நூல் நூலாகப் படர்ந்து வளரும் பூஞ்சை, தன் வித்துகளைப் பரப்புவதற்காக வெளியே நீட்டும் கனியுடலே காளான். அதன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். அந்நீரைக் காக்கும் மெழுகுத் தோல், கத்தரிக்காய்க்கு இருப்பது போல், அதற்கு இல்லை. பறித்த பின்னும் அது வேகமாகச் சுவாசித்து நீரை இழப்பதால் பெரும்பாலான காய்களுக்கு முன்பே கெட்டுவிடுகிறது. ஆயினும் எல்லா வகையும் ஒன்றுபோல் கெடுவதில்லை: கோடையில் வெளியே வைத்த சிப்பிக் காளான் ஒரே நாளில் ஓரம் சுருண்டு துவள, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற பெயரில் வெளியிட்ட பால் காளான் தன் கெட்டியான சதையால் சில நாள் தாக்குப்பிடிக்கிறது.

கண்ணும் விரலும் மூக்கும்

மொட்டுக் காளானைக் கவிழ்த்துப் பார்த்தால், குடையையும் காம்பையும் இணைக்கும் மெல்லிய சவ்வு தெரியும். சவ்வு மூடியிருந்தால் காளான் இளமையானது. கிழிந்து உள்ளிருக்கும் பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் முற்றியது, ஆனால் அதனாலேயே கெட்டது ஆகிவிடாது. நசுங்கிய இடம் பழுப்பாவதும் அப்படித்தான். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போல, காளானிலுள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. உண்மையில் ஐயத்துக்குரியது மிகையான வெண்மையே. பழுப்பாவதைத் தடுக்கச் சில இடங்களில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் காளானைக் கழுவுவதுண்டு. இத்தகைய சல்பைட்டுகள் ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும்.

நிறத்தைவிட நம்பத்தக்கது விரல். குடையின் மேல் கட்டைவிரலை ஓட்டும்போது வழுவழுப்பான பிசின் ஒட்டினால் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்று பொருள். மண் வாசனைக்குப் பதிலாகப் புளித்த வாடையோ மீன் வாடையோ வீசினாலும் அதுவே. அப்படிப்பட்டதைக் கழுவிச் சமைப்பதைவிடக் குப்பையில் போடுவதே சிக்கனம்.

உறைக்குள் நடப்பது

காற்றுப் புகாதபடி இறுக மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் காளான் சுவாசித்து, இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் அற்ற, ஈரமான, வெதுவெதுப்பான அச்சூழலில்தான் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உருவாக்கும். அந்நிலையிலும் காளான் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். உறையில் சிறு துளைகள் இடுவது இதற்காகத்தான். துளையற்ற உறையில், குளிரூட்டப்படாத அலமாரியில் கிடக்கும் பெட்டியையும், உட்புறம் நீர்த்துளிகள் கோத்து நிற்கும் பெட்டியையும் தவிர்ப்பது நல்லது.

குளிர்பெட்டியில்

வீட்டுக்கு வந்ததும் காளானைக் கழுவாமல், அச்சிடாத பழுப்புக் காகிதப் பையில் இட்டு, வாயைத் தளர்வாக மடித்து, 4 பாகை செல்சியசுக்கு மிகாத தட்டில் வைத்தால், மிகுந்த ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம்; அதன் மை உணவில் ஏறும். கழுவுவதைச் சமைக்கும் வேளைக்கு ஒத்திவைக்க வேண்டும். பச்சையாக உறையவைத்தால் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துச் சதையைக் கூழாக்கும் என்பதால், லேசாக வதக்கி ஆறிய பின்பே உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

சமைத்த காளானை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடலாகாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது.

தோட்டத்தில் முளைத்தவை

மேற்கண்ட சோதனைகள் யாவும் வளர்ப்புக் காளானுக்கே பொருந்தும். இடி மழைக்குப் பின் வேலியோரம் முளைத்தது எவ்வளவு புதியதாக இருந்தாலும், அது நஞ்சா அல்லவா என்பதைப் புளியோ பூண்டோ வெள்ளிக் காசோ காட்டாது. அமடாக்சின் என்ற நஞ்சு கொதியிலும் அழியாமல் நிற்கும். வாந்தி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் அது கல்லீரலைத் தொட்டிருக்கும்.