உஷார்! பரணிலிருந்து இறங்குகிறது பழைய தொட்டில்

வளைகாப்பு முடிந்த கையோடு பரணுக்கு ஏணி சாத்திவிடுவார்கள். கொக்கி, ஸ்பிரிங், குறுக்குக் கட்டை, மூட்டையாகக் கட்டிப் போட்ட கொசுவலை மெத்தை எல்லாம் தூசியோடு இறங்கும். "மூத்தவன் இதுலதானே வளந்தான், அவனுக்கு என்னா கொறைஞ்சு போச்சு?" என்பார் பாட்டி. ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் இதற்கு மறுபேச்சு கிடையாது.

கொஞ்சம் நில்லுங்கள். மூத்தவன் நல்லபடியாக வளர்ந்தான் என்பது அவனைப் பற்றிய சேதி. நாலைந்து வருஷம் பரணில் துருவேறிக் கிடந்த கொக்கியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கொக்கியின் உள்வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் ஆடி ஆடி உரசிய இடம் தேய்ந்து மெலிந்திருக்கும். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வாய் பிளந்து நின்றால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான். பாட்டியின் பழைய பருத்திச் சேலை மெத்தென்று இருக்கும், உண்மைதான். ஆனால் முடிச்சு விழுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நூல் விட்டிருப்பது தெரியும். நெசவுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்தொட்டில் என்றால் பெயின்டைப் பாருங்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் எப்படிப்பட்டதோ! பல் முளைக்கிற பிள்ளை முதலில் கடிப்பதே தொட்டில் சட்டத்தைத்தான்.

மெத்தை இன்னும் மோசம். நடுவில் குழி விழுந்த ஃபோம் மெத்தையில் குழந்தை குப்புறப் புரண்டால், முகம் அந்தக் குழிக்குள் போய்விடும். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். ஸ்காட்லாந்தில் தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வேறு குழந்தை படுத்த மெத்தைக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பு தெரிந்தது. அதுவும் வேறு வீட்டிலிருந்து வந்த மெத்தை என்றால் தொடர்பு இன்னும் அதிகம். மெத்தைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் கும்மிடிப்பூண்டியில் குவார்ட்டர்ஸ் காலி செய்கிறவர்கள் சும்மா கொடுக்கிறார்கள் என்று தூக்கி வராதீர்கள்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஃபிஷர் பிரைஸ் கம்பெனியின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுப் படுக்கை, 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபின் 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் 47 லட்சம் படுக்கைகள். அப்படி அறிவித்த பிறகும் அதில் படுத்துக் குறைந்தது எட்டுக் குழந்தைகள் இறந்ததாக 2023-இல் அரசே சொன்னது. கடையிலிருந்து எடுத்துவிடலாம், வீட்டுப் பரணிலிருந்து யார் எடுப்பது? சாய்வில் என்ன ஆபத்து என்றால், பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைக்கே 2022-இல் அங்கே தடைச் சட்டம் வந்துவிட்டது.

நம் தூளியும் வளைவுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். தூளியே வேண்டாம் என்று சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். அழுகையை அமர்த்த ஆட்டுங்கள், கண் எதிரில் ஆட்டுங்கள். தூங்கியதும் எடுத்துத் தரையில் பாய் விரித்து, மேலே துணியைச் சுருக்கமில்லாமல் போட்டு மல்லாத்திப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம்.

இவ்வளவும் சின்னதுக்கு. எனக்கு அதைவிடப் பெரிய பயம் மூத்ததைப் பற்றி. தம்பிப் பாப்பாவுக்குக் கட்டிய தூளி மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் ஊஞ்சல். ஏறி உட்கார்ந்து, காலை உதைத்து, கிறுகிறுவென்று சுற்றும். சேலை முறுக்கேறிக் கயிறாகும். கழுத்தில் விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் தறி ஓடுகிற சத்தத்தில் கால் உதறுகிற ஓசையும் கேட்காது. தூளியில் விளையாடிய பிள்ளை சேலை இறுக்கி இறந்தது என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஒரே கதை: அம்மா சமையலறையில், இல்லை வாசலில், சில நிமிஷம்தான்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் "ஏறாதே" என்று சொன்னால் கேட்காது. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தீர்களா, அதே கையோடு சேலையைக் கழற்றி மடித்து வையுங்கள். முடியாவிட்டால் மூத்தவன் ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரத்துக்குச் சுருட்டி மேலே கட்டுங்கள். பால் பொங்குகிறதென்றாலும் சரி, பொங்கட்டும்.