40 வயதில் தெரியவரும் இதய ஓட்டை: நெஞ்சைத் திறக்காமலே அடைக்க முடியுமா?

ஜவ்வாது மலையில் ஏறி இறங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்குவது புதிதல்ல. "ரத்தம் கம்மியா இருக்கும்", "வயசாகுது" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 30, 40 வயதில் மூச்சு வாங்குவது படிப்படியாகக் கூடி, நெஞ்சும் படபடத்து, காலும் வீங்கினால், பிறக்கும்போதே இதயத்தில் இருந்த ஓட்டை காரணமாக இருக்கலாம்.

இத்தனை வருஷம் எப்படித் தெரியாம இருந்துச்சு?

இதயத்தின் இரண்டு மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டைதான் பெரியவர்களிடம் அதிகம் தாமதமாகப் பிடிபடுவது. இடப்பக்க ரத்தம் அது வழியாக வலப்பக்கம் கசிந்து, நுரையீரலுக்கு மறுபடி போகும். இந்தக் கூடுதல் சுமையை வலப்பக்க இதயம் பல வருஷம் சத்தமில்லாமல் தாங்கும். பல பெண்களுக்கு கர்ப்ப கால பரிசோதனையில்தான் தெரியவருகிறது. இப்போது 18 வயது வரை பள்ளி, அங்கன்வாடியிலேயே பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் இருக்கிறது. அது 2013-ல்தான் வந்தது. இன்றைக்கு 40 வயதில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

எப்படி அடைக்கிறார்கள்?

தொடை இடுக்கு நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். அதற்குள் நிக்கல்-டைட்டானியம் கம்பி வலையால் ஆன சாதனம் மடங்கி இருக்கும். ஓட்டையைத் தாண்டியதும் ஒரு தட்டு விரியும். இந்தப் பக்கம் இன்னொரு தட்டு. சட்டைக்குப் போடும் பிரஸ் பட்டன் மாதிரி சுவரை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். எக்கோவில் சரிபார்த்த பிறகே கழற்றி விடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். சுமார் 6 மாதத்தில் சதை மூடிவிடும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

1970-களிலேயே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. இன்று பரவலாக உள்ள ஆம்ப்ளாட்சர் சாதனத்துக்கு அமெரிக்கா 2001-ல் அனுமதி தந்தது.

எல்லாருக்கும் செய்யலாமா?

இல்லை. ஓட்டை சுவரின் நடுவில் இருக்க வேண்டும். சாதனம் பிடித்துக்கொள்ள சுற்றிலும் போதிய விளிம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஆபரேஷன்தான். இதைவிட முக்கியம், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம். அது மிக அதிகமாகி நிரந்தரமாகிவிட்டால் ஓட்டையை அடைப்பதே ஆபத்து. அழுத்தம் வெளியேற அந்த ஓட்டைதான் வழியாக இருக்கும்! "அப்புறம் பாத்துக்கலாம்" என்பது இந்த நோயில் மட்டும் சரிப்படாது.

போளூர்க்காரர்கள் எங்கே போவது?

முதலில் தேவை ஒரு எக்கோ. ஒரு பக்கம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் வேலூர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் சாதனத்தின் செலவும் அதில் அடங்குமா என்பதை அட்மிட் ஆகும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.