கழகங்களின் தொண்டும் காலியின் கடல் நூதனசாலையும்: நம் பிள்ளைகளை அனுப்பலாமா?

பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறது. லியோ கழகம் அல்லது இன்டரெக்ட் கழகம் ஒன்றில் சேர்வதற்கான படிவம். கடற்கரைத் துப்புரவு, பழைய மூக்குக்கண்ணாடி சேகரிப்பு, இரத்ததான முகாமில் உதவி, காலிக் கோட்டைக்கு ஒரு கல்விச் சுற்றுலா என்று வேலைத்திட்டங்கள் எழுதப்பட்டிருக்கும். கீழே பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

இப்படிவம் வீட்டுக்கு வந்ததும் பல பெற்றோர் உலமாக்களிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். ஒன்று, இந்தக் கழகங்களில் நம் பிள்ளைகள் சேரலாமா? மற்றது, நூதனசாலையைப் பார்ப்பதால் என்ன பயன், அது நேர விரயம் இல்லையா? இரண்டுமே நியாயமான கேள்விகள். அவற்றுக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கழகங்கள் எவை?

ரோட்டரி கழகம் 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணியால் ஆரம்பிக்கப்பட்டது. இலங்கையில் கொழும்பு ரோட்டரி கழகம் 1929இல் உருவானது. லயன்ஸ் இயக்கம் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் தோன்றியது. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925இல் லயன்ஸ் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளுக்குப் பிறகு, பார்வையற்றோருக்கான சேவை அவ்வியக்கத்தின் முதன்மைப் பணியாயிற்று. நம் ஊர்களில் லயன்ஸ் என்றதும் கண் சிகிச்சை முகாமும் இலவச மூக்குக்கண்ணாடியும் நினைவுக்கு வருவதற்குக் காரணம் அதுதான். பாணந்துறையில் அவர்கள் நடத்தும் கண் வைத்தியசாலையும் அந்தப் பணியின் தொடர்ச்சியே. லயன்ஸின் இளைஞர் பிரிவு லியோ, ரோட்டரியின் பாடசாலைப் பிரிவு இன்டரெக்ட்.

ரோட்டரியின் பெயர் நம் நாட்டு மக்களின் ஆரோக்கியத்தோடு சேர்ந்திருப்பது போலியோ ஒழிப்பினால். 1985இல் உலகளவில் அவர்கள் தொடங்கிய திட்டம் அது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1990களில், வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்காகச் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த ஏற்பாட்டில் யுனிசெஃப் நிறுவனத்துடன் ரோட்டரியும் பங்கெடுத்தது. இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளர் பதிவானது 1993இல். அன்று சொட்டு மருந்து பெற்ற பிள்ளைகளில் நம் சமூகத்துப் பிள்ளைகளும் இருந்தனர். மருந்து கொடுத்தவர்கள் எந்த மதத்துப் பிள்ளை என்று பார்க்கவில்லை. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் கரையோரப் பாடசாலைகளை மீளக் கட்டியதிலும் ரோட்டரிக்குப் பெரும் பங்குண்டு.

மார்க்கத்தின் அளவுகோல்

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு நாடுகளின் சில ஃபத்வா சபைகள் ஃப்ரீமேசன் இயக்கத்தைக் கண்டித்தபோது, இக்கழகங்களையும் சேர்த்து எச்சரித்தன. அந்த எச்சரிக்கையை அறிந்த பெற்றோர் தயங்குவதில் தவறில்லை. ஆனால் ஒரு தீர்ப்பை எங்கும் பொருத்துவதற்கு முன், நம் ஊரில் அக்கழகம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பதும் ஃபிக்ஹின் ஒழுங்குதான்.

நன்மையிலும் தக்வாவிலும் உதவிக்கொள்ளுங்கள், பாவத்திலும் பகைமையிலும் உதவிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தை அல்மாஇதா அத்தியாயத்தின் 2ஆம் வசனம் தருகிறது. யார் அழைக்கிறார் என்பதோடு, எதற்கு அழைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அது நமக்குக் கற்றுத் தருகிறது.

நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன், தமது இளமையில் கலந்துகொண்ட ‘ஹில்ஃபுல் ஃபுழூல்’ உடன்படிக்கை இதற்குச் சிறந்த முன்மாதிரி. யெமன் தேசத்து வியாபாரி ஒருவரிடம் மக்காவின் பிரமுகர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் குறைஷிகள் சிலர் கூடி உறுதி எடுத்தனர. அந்த உடன்படிக்கைக்கு இஸ்லாம் வந்த பின் அழைக்கப்பட்டாலும் தாம் இணங்குவதாக நபியவர்கள் பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். அந்தச் சபையில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நோக்கம் நேர்மையானது என்பதே அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது.

ஆகவே பிள்ளையை அனுப்புவதற்கு முன் பெற்றோர் சில விடயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்:

1. தொழுகை நேரத்துக்கும் ஹலால் உணவுக்கும் ஏற்பாடு உண்டா? கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். நாம் கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்வது முறையல்ல.

2. நிதி சேகரிப்பு எப்படி நடக்கிறது? ரஃபிள் டிக்கெட் விற்பது சில கழகங்களின் வழக்கம். பணம் கொடுத்துப் பரிசுக்காகக் காத்திருக்கும் இம்முறை சூதாட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. நல்ல காரியத்துக்கான பணம் என்பதால் அது ஆகுமானதாகாது. “டிக்கெட் வேண்டாம், அதே தொகையை நன்கொடையாகத் தருகிறோம்” என்று பிள்ளை மரியாதையாகச் சொல்லப் பழக வேண்டும்.

3. மது பரிமாறப்படும் இரவு விருந்துகள் உண்டா? இருந்தால் அவற்றைத் தவிர்த்து, களப்பணியில் மட்டும் பங்கெடுக்கலாம்.

4. ஆண் பெண் பிள்ளைகள் கலந்து செல்லும் பயணங்களில் பொறுப்பான ஆசிரியர்கள் உடன் செல்கிறார்களா?

இன்னொரு விடயமும் உண்டு. கழகத்தின் கிணறு, கட்டடம், பூங்கா போன்ற பொதுத் திட்டங்களுக்கு ஸகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்று வர்த்தகர்கள் கேட்கின்றனர். ஸகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அது உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். எனவே பொதுத் திட்டங்களுக்கு ஸதகாவைக் கொடுங்கள். ஸகாத்தை ஏழைகளுக்கே வையுங்கள்.

காலிக் கோட்டையில் என்ன இருக்கிறது?

இனி இரண்டாவது கேள்வி. யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்த காலிக் கோட்டையின் பழைய வாயிலில், உட்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்தையும் 1669 என்ற ஆண்டையும் காணலாம். அவ்வாயிலை ஒட்டிய நீண்ட கட்டடம் ஒல்லாந்தரின் பண்டகசாலை. கறுவாவும் மிளகும் கப்பல் சாமான்களும் அடுக்கப்பட்டிருந்த அந்த இடத்தில்தான் 1992இல் தேசிய கடல்சார் நூதனசாலை திறக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி காலி நகரைத் தாக்கியபோது கோட்டையின் மதில்கள் உட்பகுதியைப் பெருமளவு காத்தன. ஆனால் இந்த நூதனசாலை பாதிக்கப்பட்டது. துறைமுகப் பக்கமிருந்த கடலடித் தொல்லியல் பிரிவின் கட்டடம் அழிந்து, ஆண்டுக்கணக்காகக் கடலுக்கடியிலிருந்து எடுத்துச் சேர்த்த பொருட்கள் பல மீண்டும் கடலுக்கே போயின. நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டு 2010இல் நூதனசாலை மீண்டும் திறக்கப்பட்டது.

இன்று அங்கே கரையோர மக்களின் மீன்பிடி முறைகள், ஓடங்கள், கயிறு திரித்தல், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஆகியவற்றைப் பிள்ளைகள் காணலாம். பழைய கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட பொருட்களும் உண்டு. காலித் துறைமுகத்தின் அடியில் பல கப்பல்கள் உறங்குகின்றன. அவற்றில் பெயர்பெற்றது ‘அவொன்ட்ஸ்டர்’. முதலில் அது ஓர் ஆங்கிலேயக் கப்பல். 1653இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1659 ஜூலை 2ஆம் திகதி நங்கூரம் நழுவிக் கரையருகே மோதி மூழ்கியது. சில மீற்றர் ஆழத்திலேயே கிடந்த அக்கப்பலை ஆய்ந்துதான் இலங்கையின் கடலடித் தொல்லியலாளர்கள் பலர் தொழில் கற்றனர்.

அங்கே நம் முன்னோர் எங்கே?

ஒல்லாந்தரின் கட்டடம், ஒல்லாந்தரின் கப்பல் என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளை, “இதில் நமக்கு என்ன?” என்று கேட்கக்கூடும். பதில் சொல்ல வேண்டியது நாம்தான். ஏனெனில் அந்தப் பண்டகசாலை கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கடலில் முஸ்லிம் மாலுமிகள் இருந்தனர்.

மொரோக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலைக்குச் சென்று திரும்பும் வழியில் தேவுந்தரையையும் ‘காலி’ என்ற சிற்றூரையும் கடந்தார். காலியில் தம்மை விருந்தோம்பியவர் இப்ராஹீம் என்ற நாகூதா, அதாவது கப்பல் தலைவர், என்று எழுதி வைத்திருக்கிறார். 1344இல் காலியில் ஒரு முஸ்லிம் கப்பல் தலைவருக்கு விருந்தினரை ஏற்கும் வீடு இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

அடுத்தது, 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. அவர் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் என அழைக்கப்பட்டவர்கள். கல்வெட்டின் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவுந்தரைக் கோயிலின் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் முன்னிட்டு எழுதப்பட்டது. பல மதங்களுக்கும் காணிக்கை வைத்தது சீனப் பேரரசரின் அரசியல்; அகீதாவில் நமக்கு அது முன்மாதிரி ஆகாது. ஆனால் வரலாற்றுச் சான்று என்ற வகையில் அது மிகப் பெரியது. பாரசீகத்தில் எழுதினால் படிப்பதற்கு இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

மொழியும் சாட்சி சொல்கிறது. ‘மரைக்காயர்’ என்ற பெயரில் மரக்கலம் இருக்கிறது என்பர். சிங்கள மக்கள் நம்மை ‘மரக்கல’ என்று அழைத்து வந்ததிலும் அந்தக் கலம்தான் ஒலிக்கிறது. பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டுவது அன்றைய அரபுக் கடலின் தொழில்நுட்பம். அப்படியே தைத்துக் கட்டப்பட்ட ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ என்ற கப்பல் 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றபோது, காலியில் தங்கிப் பாய்மரங்களைப் புதிதாக மாற்றிக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்தது. முன்னோர் நின்ற துறையிலேயே அதுவும் நின்றது.

2019ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் பிள்ளைகள் பல இடங்களில் சந்தேகப் பார்வையைச் சந்தித்தனர். “நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?” என்று வகுப்பறையிலேயே கேட்கப்பட்டவர்களும் உண்டு. அக்கேள்விக்குக் கோபம் பதிலாகாது. நாகூதா இப்ராஹீமையும் காலிக் கல்வெட்டையும் அறிந்த பிள்ளை அமைதியாகப் பதில் சொல்லும். பக்கத்தில் நிற்கும் சிங்கள, தமிழ் நண்பர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் கழகச் சுற்றுலாவின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது.

வீட்டுக்குள் இருக்கும் நூதனசாலை

நம் கடல் வரலாற்றின் பெரும் பகுதி எந்த நூதனசாலையிலும் இல்லை. அது நம் வீட்டு அலுமாரிகளிலும் பள்ளிவாசல் பரண்களிலும் கிடக்கிறது. அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள், பழைய நிகாஹ் பதிவுகள், வியாபாரக் கணக்குப் புத்தகங்கள், மையவாடியின் மீஸான் கற்கள். வீடு திருத்தும்போதும் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டும்போதும் இவை குப்பையோடு போகின்றன.

இலங்கை மலாயர் குடும்பங்களிடமிருந்த பழைய பிரதிகள் பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் மூலம் டிஜிட்டல் வடிவில் பாதுகாக்கப்பட்டன. பிரதிகள் வீட்டுக்காரர்களிடமே இருந்தன. படங்கள் உலகுக்குக் கிடைத்தன. நம் ஊர்களிலும் அப்படிச் செய்யலாம். கழகத்தில் இருக்கும் இளைஞர்கள் தொலைபேசிக் கமெராவால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று குறித்து வைக்கலாம். பழைய தாள்களை லமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். மீஸான் கற்களின் எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுரண்டாதீர்கள். உம்மும்மா, வாப்பும்மா உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்லும் குடும்பக் கதைகளைக் குரலில் பதிவுசெய்யுங்கள்.

எனவே அந்தப் படிவத்தில், மேலே சொன்ன நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, கையொப்பமிடலாம். பிள்ளை கடற்கரையில் குப்பை பொறுக்கட்டும். பார்வை மங்கிய ஒரு முதியவருக்குக் கண்ணாடி கிடைக்கக் காரணமாகட்டும். மனிதர்களுக்குப் பயனளிப்பவர் அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த பாடம். கோட்டைக்குப் போனால் நூதனசாலையோடு நின்றுவிடாமல், வெளிச்ச வீட்டுக்கு எதிரே 1904இல் கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளியில் லுஹரைத் தொழுதுவிட்டு, கடலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வரட்டும்.

கப்பல்களைக் கடலில் நடத்தித் தன் அத்தாட்சிகளைக் காட்டும் அல்லாஹ், நம் பிள்ளைகளைப் பயனுள்ள அறிவும் பயனுள்ள கரங்களும் உடையவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.