நொதிகளும் நமது மருந்துத் தொழிலும்

மாவைப் புளிக்கச் செய்பவை நுண்ணுயிர்களின் நொதிகள். அவ்வினத்துப் பொருள்களே இன்று அரிய மருந்துகளையும் ஆக்கித் தருகின்றன. எச்.ஐ.வி. நோய்க்குரிய மருந்துகளுள் பல, சர்க்கரையும் காரமும் இணைந்த நியூக்ளியோஸைடு வகையைச் சேர்ந்தவை. இரசாயன முறையில் இவற்றை ஆக்குவது நெடிய வேலை.

இவ்வகையைச் சேர்ந்த இஸ்லாட்ராவிர் என்னும் பொருளை, அமெரிக்காவின் மெர்க் கம்பெனி விஞ்ஞானிகள் 2019-ல் ஒன்பது நொதிகளைக் கொண்டு நீரிலேயே ஆக்கிக் காட்டினர். முந்திய முறைகளின் படிகளில் பாதிகூட இதற்கு வேண்டியிருக்கவில்லை. விளைவோ 51 சதவிகிதம். இயற்கையில் நியூக்ளியோஸைடைப் பிளக்கும் நொதியையே திருத்தியமைத்து, எதிர்த்திசையில் ஏவி, இணைக்கச் செய்தனர்!

இதில் நமக்கென்ன? 2001-ல் பம்பாயின் சிப்லா கம்பெனி, மும்மருந்துச் சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்கு அளிக்க முன்வந்தது. மேனாட்டு விலையோ 10,000 டாலருக்கு மேல். அம்மூன்றில் இரண்டு நியூக்ளியோஸைடு வகையினவே. செய்முறைக்கு மாத்திரம் உரிமை வழங்கிய 1970-ம் வருஷத்துப் பேட்டன்ட் சட்டமே அதற்கு அரணாயிருந்தது. 2005 முதல் பொருளுக்கும் உரிமை வந்துவிட்டது, அவ்வரண் இன்றில்லை. ஆகவே பிறர் மருந்தை மலிவாகச் செய்யும் திறமை மட்டும் இனிப் போதாது. நொதிகளைத் திருத்தும் வித்தை நமது சர்வகலாசாலைகளிலேயே வளரவேண்டும். மருந்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் தேசத்தின் சுதந்திரம் குறையுடையதே.