நிலைநிதி உதவித்தொகையும் பள்ளி ஆலோசகர் பயிற்சியும்

1643ஆம் ஆண்டில் லண்டன் மாநகரைச் சேர்ந்த ஆன் மௌல்சன் சீமாட்டியார், அமெரிக்க மண்ணில் புதிதாக நிறுவப்பட்டிருந்த ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுன் வழங்கினார். அதிலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயினால் ஏழை மாணவர் ஒருவர் ஆதரிக்கப்பட வேண்டும் என்பது அவரது நிபந்தனை. முதலைக் காத்து, அதன் விளைவை மட்டும் செலவிடும் இம்முறையை நிலைநிதி உதவித்தொகை எனலாம். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், மறைந்த உறவினர் நினைவாகக் குடும்பத்தார் நிறுவிய நிதிகள் பல உள. பள்ளி ஆலோசனைப் பணிக்கெனப் பயிலும் முதுகலை மாணவருக்காக ஏற்படுத்தப்படுபவற்றை ஈண்டு நோக்குவோம்.

இப்பணி தொழில் வழிகாட்டுதலாகவே தொடங்கிற்று. 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பார் பாஸ்டன் நகரில் இளைஞருக்கான தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவினார். 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதைத் தொடர்ந்து, அமெரிக்க அரசு 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, ஆலோசகர் பயிற்சிக்குப் பொருளுதவி செய்தது. திறமுடைய மாணவரைக் கண்டறிந்து அறிவியலின்பால் திருப்புதலே அதன் முதன்மை நோக்கம். நாட்டின் தேவை முன்னின்றது. பிள்ளையின் துயரம் பின்னின்றது. இன்றோ வீட்டில் நேரிட்ட சாவு, பெற்றோரின் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகிய சுமைகளோடு வரும் பிள்ளைக்கும் செவிகொடுப்பது ஆலோசகரின் கடமையாயிற்று. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாட்டின் சராசரியோ 385 மாணவருக்கு ஒருவர்.

இக்குறைவு பள்ளிகளின் நிதிநிலையையும் சார்ந்தது. உதவித்தொகை அதனை முற்றிலும் நீக்காது. ஆயினும் பயிற்சியின் வாயிலில் நிற்கும் ஒரு தடையை அதனால் அகற்ற இயலும். இத்துறைக்குரிய தர ஏற்பு மன்றத்தின் விதிப்படி, மாணவர் 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும், அதன்பின் 600 மணி நேரக் களப் பயிற்சியும் பெறல் வேண்டும். இப்பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியமில்லை. பள்ளி நடைபெறும் பகற்பொழுதிலேயே அது நிகழ வேண்டியிருப்பதால், பகலில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பவர் வேலையை விடவோ, படிப்பை விடவோ நேரிடுகிறது. வறுமையைத் தாமே அறிந்தவர் இவ்வாறு விலகுவாராயின், வறிய பிள்ளைகளும் ஒரு நல்ல ஆலோசகரை இழக்கின்றனர்.

நிலைநிதி இயங்கும் முறை எளிது. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் 50,000 டாலர் அளிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் செலவிட்டால் 2,000 டாலர் கிடைக்கும். மிகுதியான ஈட்டம் முதலோடு சேர்ந்து, விலைவாசி ஏற்றத்தால் அதன் மதிப்புக் குறையாதவாறு காக்கும். இத்தகைய நிதிகளைப் பற்றி 2006இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தை ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுள்ளன. கொடையாளரின் நோக்கத்தையும் நிதியின் நிலைபேற்றையும் கருதி, விவேகத்தோடு செலவிடுமாறு அது பணிக்கிறது.

ஆகவே கொடையின் பயன், தொகையை மட்டுமன்றி, அதற்கு எழுதப்படும் நிபந்தனையையும் பொறுத்தது. தகுதிகளைக் குடும்பம் குறிப்பிடலாம். ஆளைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் கையில் இருத்தல் வேண்டும். இன்ன ஊரினர், இன்ன பள்ளியில் பயின்றவர், இன்ன மதிப்பெண் பெற்றவர் என வரம்புகளை அடுக்கிக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் தகுதியுடையார் ஒருவரும் இலர் என்ற நிலை எழும்; பணம் இருந்தும் மாணவர் பசித்திருப்பர். நோக்கம் நிறைவேற்ற இயலாததாகும்போது அதனை மாற்ற நீதிமன்றத்தை நாடச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் முதலிலேயே தேவையுடையோருக்கு முன்னுரிமை என்று எழுதி, கல்விக் கட்டணத்தோடு களப் பயிற்சிக் காலத்தின் வாழ்க்கைச் செலவுக்கும் பயன்படுத்த இடமளித்தல் சாலச் சிறந்தது.

இறந்தோர் நினைவாக ஏதேனும் செய்ய விரும்புவோர் பலர் போதகரிடமே யோசனை கேட்பர். அவ்வேளையில் பொறிக்கப்பட வேண்டிய பெயரைப் பற்றி மட்டும் பேசி அமையலாகாது. அந்நிதி யாரை, எந்த மாதத்தில், எந்த இடுக்கணினின்று தாங்கும் என்று வினவுதல் நலம். நல்ல நிபந்தனையோடு நிறுவப்பட்ட நிதி, குடும்பத்தார் ஒருபோதும் காணப்போகாத ஒரு பள்ளியறையில், பேசத் துணியாத ஒரு பிள்ளையின் எதிரே பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தும்.