இலவச நாட்கள் எங்கிருந்து தொடங்குகின்றன?

பர்மா உளுந்தும் ஆப்பிரிக்கத் துவரையும் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கண்டெய்னரில் வருகின்றன. இருபது அடிப் பெட்டியில் சுமார் 24 டன் ஏறும். 50 கிலோ மூட்டையில் 480. அந்தப் பெட்டிக்குத் தாமதக் கட்டணம் 12,000 ரூபாய் விழுந்தால் கிலோவுக்கு 50 காசு கூடிவிடும். பருப்பு மொத்த வியாபாரத்தில் பல சமயம் நமக்கு நிற்பதே அவ்வளவுதான். விலையில் ஏற்றினாலோ, சில்லறைக் கடைக்காரர் தலையில் விடியும்.

இதில் ஓடுவது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு. துறைமுகம் தன் இடத்துக்கு வாடகை கேட்கிறது. பெட்டி கேட்டைத் தாண்டியதும் அது நின்றுவிடும். கப்பல் கம்பெனி தன் பெட்டிக்கு வாடகை கேட்கிறது. டிடென்ஷன் எனப்படும் இது, காலிப் பெட்டியை அவர்கள் சொல்லும் யார்டில் ஒப்படைக்கும்வரை ஓடும். பல துறைமுகங்களில் இலவச நாட்களைக் கணக்கிடும்போது சுங்க விடுமுறையைக் கழித்துவிடுவார்கள். கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் ஞாயிறு, பொங்கல் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகின்றன.

ஆகவே பெட்டியை எடுக்கும் நாளை, காலிப் பெட்டி திரும்ப வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரே பில்லில் ஐந்து பெட்டி வந்து, நம் கிடங்கில் நாளைக்கு இரண்டுதான் இறக்க முடியுமென்றால் மூன்று நாள் அதற்கே போகும். சனிக்கிழமை மாலை லாரி வந்து நின்றால் ஞாயிறன்று சுமைக்காரர் கிடைப்பதில்லை.

இலவச நாட்களைப் பேச வேண்டிய நேரம் சரக்கு வாங்கும் நேரம். கப்பல் வாடகையை விற்பவர் கொடுக்கிறார் என்றால், கம்பெனியிடம் 14 நாள் கேட்டு பில் ஆஃப் லேடிங்கிலேயே எழுதி வாங்கும்படி அவரிடம் சொல்ல வேண்டும். கப்பல் வந்த பிறகு கெஞ்சிப் பயனில்லை. ரயிலில் உள்நாட்டு டிப்போவுக்குப் போகும் சரக்கானால், டிடென்ஷன் நாட்களைத் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து எண்ணுகிறார்களா, டிப்போவுக்கு வந்ததிலிருந்தா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். 2021 மாற்றத்தின்படி கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாளே கெடு. பர்மா, இலங்கை போன்ற பக்கத்து நாட்டுச் சரக்குக்கு மட்டும் கப்பல் வந்த நாள் முடியும்வரை. தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய். பேங்க் வழியாக வரும் ஒரிஜினல் பில் தாமதமானால் டெலிவரி ஆர்டர் கிடைக்காது. தாவரத் தடுப்புச் சோதனைக்கும் உணவுத் தர மாதிரிக்கும் வேறு நாட்கள் போகும்.

சுங்கத்தாரே சரக்கை நிறுத்தி வைத்திருந்தால், 2009 விதிகளின்படி காவலர் பொறுப்பிலுள்ள துறைமுகமோ சரக்கு நிலையமோ அந்த நாட்களுக்கு வாடகை கேட்கக் கூடாது. அதற்கான சான்றிதழைச் சுங்கத்திடம் உடனே வாங்குங்கள். கப்பல் கம்பெனிகள் அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பது நமக்குள்ள நெடுநாள் மனக்குறை.

காலிப் பெட்டியை ஒப்படைக்கும் டிரைவரிடம், தேதி, மணி போட்ட ரசீது இல்லாமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். பெட்டியின் உள்ளும் புறமும் போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது. பழைய நசுங்கலுக்கும் நம்மிடம் பில் வருவதுண்டு.